ராசுவின் புரட்டாசி

பென்னாகரத்தில் பெண்கள் விடுதி ஒன்றின் வார்டனாக இருந்து ஓய்வு பெற்ற தீர்த்தம்மாளுக்கு உலகத்தில் ஆகாத காரியம் ஒன்று உண்டென்றால், அது கண்ட நேரத்தில் சாப்பிடுவது. விடுதியில் அவர் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினால் சோறு, தட்டாவிட்டால் பட்டினி. காய்ச்சலில் படுத்த பெண்கூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்காரும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் அந்தச் சத்தத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று. பிள்ளைகள் கிடையாது. இருந்த ஒரே ஆள் கணவர் மாதவராஜ். அவரோ பசித்தால் அடுப்படியில் நின்றபடியே எதையாவது அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் ரகம். வீடு வெறிச்சென்று கிடந்தது. தீர்த்தம்மாள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வார்டன் கௌரவம் என்னாவது?

அப்போதுதான் ராசு வந்தான். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கடை எச்சிலைத் தின்று, குடல் கெட்டு, எலும்பும் தோலுமாகக் கிடந்த பூனை. இப்படிக் கிடக்கிற பூனை நாய்களைத் தேற்றி நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிற ஜெயபிரியா என்ற பெண்தான் அவனைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தாள். பெண் கொடுப்பவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். போகும்போது ஒரு கண்டிஷனும் போட்டாள்.

“டாக்டர் சொன்னத மறந்துறாதீங்க ஆன்ட்டி. காலைல ஒரு வேள, சாயந்தரம் ஒரு வேள, நேரம் மாறக் கூடாது. மீனோ கோழியோ உப்பு காரம் இல்லாம வேகவச்சுப் போடுங்க. அடுத்த மாசம் வந்து பாப்பேன். ஒடம்பு தேறலைன்னா எடுத்துட்டுப் போயிருவேனுங்க.”

“எங்கிட்டயா சொல்ற? ஊருப்பட்ட புள்ளைங்கள வேளைக்குச் சாப்புட வச்சவ நானு!”

சொன்னபடியே செய்தார். தட்டில் கரண்டி விழுந்தால் சாப்பாடு. மூக்கைச் சுளித்து நின்றால் தட்டு உள்ளே போய்விடும். ராசு கத்திப் பார்த்தான், காலைச் சுற்றிப் பார்த்தான், மாதவராஜின் மடியில் ஏறி மனுக்கூடக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. கொஞ்ச நாளில் சத்தம் கேட்பதற்கு முன்பே கொல்லையில் வந்து உட்காரப் பழகிவிட்டான். ஒரு மத்தியானம் அவர் படுத்திருந்தபோது, தானாக வந்து முந்தானையில் தலை வைத்துத் தூங்கினான். தீர்த்தம்மாள் அழுதேவிட்டார். கணவர் கேட்டதற்கு, வெங்காயம் நறுக்கினேன் என்றார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது புரட்டாசி பிறந்தது.

அந்த வீட்டில் புரட்டாசி பிறந்தால் மீன்சட்டி பரணுக்கு ஏறிவிடும். முட்டைகூட வாசற்படி தாண்டாது. வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரும் பெருமாளுக்கு விரதம். ராசுவும் வீட்டில் உள்ளவன்தானே என்று தீர்த்தம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“பூன என்ன பாவம் பண்ணுச்சு தீர்த்தம்?” என்றார் மாதவராஜ். பூனைக்காக மட்டும் கேட்டதாகத் தெரியவில்லை.

“இந்த வூட்டுச் சோத்தத் திங்கறவங்க இந்த வூட்டுப் பழக்கத்துக்குத்தான் வரணுமுங்க. வேளை தவறாமப் போடறேனில்ல, அப்புறம் என்ன?”

டாக்டர் சொன்னதில் நேரத்தை வைத்துக்கொண்டு மீனை விட்டுவிட்டார். அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு உத்தரவைப் பாதியோடு படித்து நிறுத்துகிற பழக்கம் உண்டு.

ஆக, இரண்டு வேளையும் ராசுவுக்குத் தயிர்ச்சோறு. தட்டி, வைத்துவிட்டு, தீர்த்தம்மாள் பூஜைக்குப் போவார். திரும்பி வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். கழுவியவர் மாதவராஜ். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரைக்கூட அலசாத மனிதர் தட்டுக் கழுவுகிறாரே என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரதம் மனிதரைத் திருத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ராசுவோ நாளுக்கு நாள் பளபளவென்று உருண்டு வந்தான். “வெறும் தயிர்ச்சோறுதாங்க, எல்லாம் பெருமாள் கிருபை” என்று அவர் தெருவெல்லாம் சொல்லிவைத்ததில், எதிர்வீட்டு நாய்க்கும் பிடித்தது கஷ்டம்.

சொன்னபடி ஜெயபிரியா ஒருநாள் சாயங்காலம் வந்து நின்றாள். தீர்த்தம்மாள் அன்றைக்குப் பூஜையை ஒத்திப்போட்டுவிட்டு, பெருமையாகத் தட்டில் தட்டினார். ராசு வந்தான். தயிர்ச்சோற்றைப் பார்த்தான். போகாமல் நிற்கிறாரே என்பதுபோல் அவரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு மதிலில் தாவி, பக்கத்து வீட்டுக்குள் குதித்தான்.

இருவரும் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். அது சவுரியப்பன் வீடு. மாதா கோயிலுக்குப் போகிறவர். புரட்டாசி என்பது அவருக்கு ஒகேனக்கல் மீன் மலிவாகக் கிடைக்கிற மாதம். கொல்லையில் ராசு வேகவைத்த மீனில் முகம் புதைத்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து, வறுத்த மீனும் கையுமாக மாதவராஜ். சற்றுத் தள்ளிக் கோழிகள், காலையில் மாதவராஜ் கொண்டுவந்து கொட்டிய தயிர்ச்சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

“வாங்க வார்டனம்மா!” என்றார் சவுரியப்பன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “நீங்க தட்டற சத்தத்த வச்சுத்தான் நானும் சட்டிய எறக்கறேன். ஒரு வேளகூடத் தவறல. பூனைக்கு உப்பில்லாமத் தனியா வேகவச்சிருக்கேனுங்க.”

மாதவராஜ் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார்.

ஜெயபிரியா சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்: “பூன நல்லா தேறிருக்குது ஆன்ட்டி. ஆனா சாப்பாடு போடறது இவுரு. பேசாம ராசு இந்த அண்ணன் வூட்லயே இருந்துட்டுமே?”

தீர்த்தம்மாள் ராசுவைப் பார்த்தார். அந்த முந்தானையில் இனி யார் தலை வைப்பார்கள்? யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத வாய். மதிலைச் சுற்றிக்கொண்டு சவுரியப்பன் வீட்டு வாசலுக்குப் போனார். புரட்டாசியில் மீன் வாடை அடிக்கிற வீட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறவர், நேரே கொல்லைக்கு நடந்து, ராசுவின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் குந்தினார். மீனைக் கையில் எடுத்தார். முள்ளைப் பார்த்துப் பார்த்து நீக்கி, சதையை ராசுவின் முன்னால் வைத்தார். அவன் தின்றுவிட்டு அவர் விரலை நக்கினான்.

“நாளைலருந்து ரெண்டு வேளையும் நானே இங்க வந்து முள்ளெடுத்துப் போடறேன். போட்டுட்டுத் தலைக்கு ஊத்திக்கறேன். பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ராசு என் வூட்டுப் பூன, குடுக்க மாட்டேன்” என்றார். ஜெயபிரியா தலையாட்டினாள்.

காலம் மாறிவிட்டது என்று மாதவராஜுக்குத் தைரியம் வந்தது. மெதுவாகத் தன் தட்டையும் அவர் பக்கம் நகர்த்தினார். “அப்ப எனக்கும் அப்படியே கொஞ்சம் முள்ளெடுத்து…”

தீர்த்தம்மாள் அந்தத் தட்டை எடுத்துச் சவுரியப்பன் கையில் கொடுத்தார்.

“ராசுவுக்குப் புரட்டாசி கெடையாதுங்க, உங்களுக்கு உண்டு. எந்திரிங்க, அங்க தயிர்ச்சோறு காத்திட்டிருக்குது.”