பேபியின் முழுப்பெயர்

கிருபா அண்ணை செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டார். மாரடைப்பு. வேலைக்குப் புறப்பட்டுக் கார்க் கதவைத் திறந்தபடியே...

அந்தக் காரில்தான் பதினொரு வருடம் அஜின்கோர்ட்டிலிருந்து விட்பிக்கு வேலைக்குப் போனேன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை. அவர் மெஷினில், நான் தரப் பரிசோதனையில். முன்சீட்டில் நான், பின்சீட்டில் எங்களோடு வேலை செய்யும் சிவம். உறவு என்றால் இவ்வளவுதான்.

காரில் ஒரே ஒரு சீடி ஓடும். அறுபதுகளில் பெயரெடுத்த ஒரு பிரித்தானியக் குழு. நாலு பேர். பாட்டே கிடையாது, கிற்றாரும் ட்ரம்ஸும் மட்டும்.

யாழ்ப்பாணத்தில் இளவயதில் கிருபா அண்ணையும் மூன்று நண்பர்களும் அந்த நால்வரை அப்படியே பார்த்துச் செய்தவர்கள். அதே மாதிரிக் கோட். வாசித்துக்கொண்டே மூன்று அடி முன்னுக்கு, மூன்று அடி பின்னுக்கு.

கிருபா அண்ணை லீட் கிற்றார். தேவன் பேஸ் கிற்றார். ட்ரம்ஸ் பேபி. நாலாவது ஆள் எப்போதோ இறந்துவிட்டார். நன்றாக வாசித்தார்கள் என்பதற்கு எனக்கு இருக்கும் ஒரே ஆதாரம் கிருபா அண்ணையின் வாய்.

401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நின்றுவிட்டால் அந்தக் குழுவின் கதை தொடங்கும். ஒரு பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்த காலம், தனியாக முதலிடத்துக்கு வந்த காலம், தலைமயிர் வளர்த்த பாட்டுக்காரர்கள் வந்து இவர்களை ஒதுக்கிய காலம். பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், திரும்பப் பிரிந்தார்கள்...

"இந்த வருசம் கடைசி ரூராம், ஊர் ஊராய்ப் போய் வாசிக்கப் போறாங்களாம். பழைய பாட்டுக்காரனும் சேந்து வாறானாம்."

"போன முறையும் கடைசி எண்டுதானே அண்ணை சொன்னவை?" இது சிவம்.

"அவங்கள் பிரிஞ்சா பேப்பரில வரும். நாங்கள் பிரிஞ்சது எங்களுக்கே தெரியாது."

தேவன் லண்டனுக்கு. இவர் இங்கே. பேபி, மனைவியின் ஊரான கிளிநொச்சிக்கு.

இந்த ஏப்ரலில், ஊரில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் டவுன்ரவுன் வீதியில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு காலை, சிவம் ரேடியோவைப் போடச் சொன்னார்.

"என்ர காருக்க செய்தி இல்லை."

"அங்க சனம் சாகுது. நீங்கள் டொங்கு டொங்கெண்டு உதைக் கேட்டுக்கொண்டு..."

கிருபா அண்ணை சத்தத்தைக் கூட்டினார். அடுத்த நாளிலிருந்து சிவம் ரயிலில் வந்தார்.

எனக்கும் சிவத்தின் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அடுத்த நாள் மாலை நாங்கள் இருவரும் திரும்பி வரும்போது, கிருபா அண்ணை ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பேபி அதுக்குள்ளதான் நிக்கிறான், பிள்ளை."

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஜூனில், முகாம்களில் இருப்பவர்களின் பட்டியல்கள் ஈமெயிலில் வரத் தொடங்கின. பெயர், வயது, முகாம். யார் தொகுத்தது, எவ்வளவு சரி, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அச்சடித்துக்கொண்டு போனேன்.

"முழுப்பேர் என்ன அண்ணை?"

"பேபி."

"அது கூப்பிடுற பேர். பள்ளிக்கூடத்தில என்ன பேர்?"

"அவன் வேற பள்ளிக்கூடம்."

"தகப்பன்ர பேர்?"

"மாஸ்டர்."

அவருக்கே சிரிப்பு வந்தது.

பத்து வருடம் ஒன்றாக வாசித்த ஆளின் பெயர் தெரியாது. நான் சிரிக்கவில்லை. என் சொந்தச் சித்தப்பாவின் பெயரை அவருடைய மரண அறிவித்தலில் பார்த்துத்தான் நானும் அறிந்தேன்.

"லண்டனில தேவன் அண்ணைக்குத் தெரியுமெல்லோ?"

"அவனுக்கோ? அவனுக்கு நான் போன் எடுக்கிறதோ?"

கடைசி நிகழ்ச்சியில் யார் முன்னுக்கு நின்று வாசிப்பது என்று பிடித்த சண்டையாம். அன்றிலிருந்து பேச்சில்லை. நம்பர் அவருடைய பேர்ஸில் இருந்தது. அதை வாங்கி நானே எடுத்திருக்கலாம். அது என் வேலையில்லை என்று இருந்துவிட்டேன்.

எனவே, மத்தியான இடைவேளையில், அவருடைய வயதை ஒட்டிய ஆண்களின் பெயர்களை நான் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பெயர் காதில் விழுந்தால் ஆளைப் பிடித்துவிடுவாராம்.

"யோகநாதன்."

"இல்லை."

"கனகசபாபதி."

"அது கிழவன்ர பேர், பிள்ளை. எங்கட பேபிக்கு உது பொருந்துமே? அடுத்ததை வாசி."

"தர்மகுலராசா."

"ம்... திரும்பச் சொல்லு. இல்லை, அவனில்லை."

இப்படி மூன்று வாரம். பட்டியல் முடிந்தால் திரும்ப முதலாம் பக்கம்.

போன திங்கள் என்னை இறக்கிவிடும்போது, "நாளைக்குத் தேவனுக்கு எடுப்பம்" என்றார். நாளைக்கு என்றது செவ்வாய்க்கிழமை.

நேற்று நான் துக்கத்துக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது லண்டனிலிருந்து போன் வந்தது. அவருடைய மகள் பேசிவிட்டு என்னிடம் தந்தார். தேவன் அண்ணை அழுதுகொண்டிருந்தார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பேபியின் முழுப்பெயரைக் கேட்டேன்.

"கனகசபாபதி. அவன்ர அப்பப்பாவின்ர பேரை வைச்சது. அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அவன் ட்ரம்ஸ் தடியால எறிவான்... ஏன் தங்கச்சி?"

தகப்பனின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து பட்டியலைப் பார்த்தேன். முதலெழுத்து சரி. வயது சரி. வவுனியாவில் ஒரு முகாம். பெயருக்கு எதிரே நான் பென்சிலால் போட்ட சிறிய கோடு... வாசித்தாயிற்று, அவர் இல்லை என்பதற்கு.

நாலு கோடு இருந்தது. நாலு தடவை வாசித்திருக்கிறேன்.

தேவன் அண்ணை இன்று அந்த முகாமுக்குக் கடிதம் போடுகிறார். இதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது.

கிருபா அண்ணை, ஆள் முகாமில் இருக்கிறார். நீங்கள் போங்கோ.