ஏழு கொப்பிகளும் ஒரு செபமும்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நான் அரிப்பு என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த நிரோசினி. பதினாறு வயதில் நான் ஒரு பொய்க்காரி. அந்தப் பொய்யிலிருந்து ஆண்டவர் என்னை எப்படி வெளியே இழுத்தார் என்று எழுதுகிறேன். இழுத்தபோது வலித்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

2021ஆம் ஆண்டு. கொரோனாவால் பாடசாலை பூட்டி, எல்லாப் பாடமும் போனில் நடந்த காலம். நான் பதினோராம் ஆண்டு. அடுத்து வருவது சாதாரண தரப் பரீட்சை. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரம் படிக்க வழியில்லை.

என் அம்மா அதே பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில் சண்டை வந்து ஊர் ஓடியது. அம்மா எழுதவில்லை. பிறகு 2007இல், எனக்கு இரண்டு வயதில், மறுபடியும் ஓடினோம். நானாட்டான் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தபோது கடல் தொழிலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. மீள்குடியேற்றத்தில் ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் இருந்தது நானும் ஒரு தகரப் பெட்டியும்தான். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு இன்னும் பூச்சு இல்லை. அம்மா கருவாட்டு வாடியில் மீன் வெட்டுவா. "நீ படிச்சிட்டியெண்டா நான் பட்டதெல்லாம் வீணில்லையெண்டு நினைப்பன்" என்று சொல்லுவா. இதைக் கேட்டால் எனக்குப் பெருமையும் வரும், மூச்சும் முட்டும்.

படிக்க எங்களிடம் போன் இருக்கவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, தன் போனைத் தந்தார். கடலுக்குப் போகிற ஆள் போனைக் கொடுப்பது சின்ன விஷயமில்லை. காற்று மாறினால் கரையிலிருந்து அவரை யாரும் கூப்பிட முடியாது. "நீ படி, நான் கவனமாப் போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் போனை வைத்து நான் என்ன செய்தேன்? வாசற்படியில் மட்டும்தான் சிக்னல். அங்கே இருந்தாலும் படம் அப்படியே நின்றுவிடும், ரீச்சரின் குரல் அறுந்து அறுந்து வரும். இருபடிச் சமன்பாடு தொடங்கிய இரண்டாம் நாளே நான் ஒன்றும் விளங்காமல் தாண்டுபோனேன். கேட்டிருக்கலாம். இருபது பிள்ளைகளின் காதில் விழ "விளங்கேல்ல ரீச்சர்" என்று சொல்ல வெட்கம். மைக்கை நிறுத்திவிட்டு இருந்தேன். ரீச்சர் "விளங்குதா பிள்ளையள்?" என்றால் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிடுவேன்.

வகுப்பு முடிய ரீச்சர் பாடத்தைப் படம் எடுத்து அனுப்புவா. அதை ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதினேன். தலைப்புக்குச் சிவப்பு, விடைக்கு அடியில் இரட்டைக் கோடு. அப்படி ஏழு கொப்பி நிறைந்தது. பின்னேரம் வாடியால் வந்து, கையை இரண்டு தரம் கழுவிவிட்டு, அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பா. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து, நான் உண்மையிலேயே படிக்கிறேன் என்று நானே நம்பிவிட்டேன்.

ஒருநாள் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதினேன். நூற்றுக்குப் பதினொன்று. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அன்று முதல் மாதா சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒரே மன்றாட்டு: அம்மாவுக்குத் தெரிய வரக்கூடாது. எனக்குப் படிப்பு வர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. ரீச்சர் பெயர் கூப்பிட்டா. மைக்கைத் திறந்து "நிக்கிறன் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு மறுபடி நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றுதான் நினைத்தேன். திரை இறுகி நின்றதால் அது வேலை செய்யவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தா. முற்றத்தில் நின்ற மாமாவிடம் சத்தமாகச் சொன்னா:

"என்ர பிள்ளையின்ர கொப்பியளைப் பார்க்கோணும் தம்பி! ஏழு கொப்பி! கணிதத்தில அவள் ஏ எடுக்காட்டி என்ர பேரை மாத்திப்போடுறன்!"

முழு வகுப்புக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. "நிரோசினி, அம்மாட்டப் போனைக் குடுங்கோ" என்றா.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. நாலு மாசமா பிள்ளை வாய் திறக்கேல்ல. ஒரு பயிற்சிகூடச் செய்து அனுப்பேல்ல. இப்பிடியே போனா சித்தியடையாது."

"சரி ரீச்சர்" என்றா அம்மா. போனை இரண்டு கையாலும் என்னிடம் தந்தா. சாப்பிடாமலே வாடிக்குத் திரும்பிப் போனா. இரண்டு நாள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கரைக்குப் போனேன். அப்பாவை எடுத்த கடல். அன்றைக்கு மனதில் வந்ததை இங்கே எழுத மாட்டேன். அப்படியொரு நாளைக் கண்டவர்களுக்கு அது தெரியும். மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாழ்க்கையில் முதல்தடவையாக உண்மையாகச் செபித்தேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. கணக்கும் விளங்கேல்ல. அம்மாவின்ர முகத்தை இனி எப்பிடிப் பார்க்கிறதெண்டும் விளங்கேல்ல." வானம் திறக்கவில்லை. சோளகக் காற்றில் மணல்தான் கண்ணுக்குள் அடித்தது. எழும்பி வீட்டுக்கு வந்தேன்.

கோவில் பூட்டியிருந்ததால் அந்த நாட்களில் ஐந்து வீட்டுக்காரர் போனில் ஒன்றுசேர்ந்து செபமாலை சொல்லுவோம். இன்டர்நெட் இல்லை, சாதாரண அழைப்புத்தான். பத்துப் பத்துச் செபமாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு பத்து. மூன்றாவது பத்து எங்கள் வீட்டுக்கு, சொல்லுவது நான். அன்று பாதியில் அழுகை வந்து நிறுத்திவிட்டேன். யாரும் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரத்தில், நான் விட்ட அருள்நிறைந்த மரியேயிலிருந்து இன்னொரு குரல் எடுத்துச் சொன்னது. என் வகுப்புப் பிள்ளை யூடிற்றா.

செபம் முடிய அவள் போனை வைக்கவில்லை. "எடி நிரோ, அண்டைக்கு நான் சிரிக்கேல்ல. எனக்கும் அந்தக் கணக்கு விளங்கேல்லயடி. நானும் பார்த்துத்தான் எழுதுறனான்" என்றாள். இன்னொரு வீட்டில் இருந்த எங்கள் வகுப்பு டெல்சியா மட்டும், "எனக்கு ஓரளவு விளங்குது" என்றாள்.

அம்மா பக்கத்தில் இருந்தா. எட்டிப் போனை வாங்கினா. "வைக்காதேங்கோ பிள்ளையள். செபமாலை சொல்லுற மாதிரி ஆள்மாறி ஆள் ஒவ்வொரு கணக்கைச் சொல்லுங்கோ. நானும் கேக்கிறன்." என்னைப் பார்த்து, "நீ தொடங்கு" என்றா. இரண்டு நாளைக்குப் பிறகு அம்மா என்னோடு பேசிய முதல் சொல் அது. என் செபத்துக்குப் பதில் அதுதான் என்று அப்போதே தெரிந்தது. அழுதுகொண்டே தொடங்கினேன்.

நாலாவது வரியில் அம்மா மறித்தா. "அதேன் மற்றப் பக்கம் போனவுடன கழித்தல் கூட்டலாகுது?" ஏழு கொப்பியிலும் அதை நூறு தரம் எழுதியிருப்பேன். எனக்குப் பதில் தெரியாது. அடுத்த வகுப்பில் மைக்கைத் திறந்து அதையே கேட்டேன். யாராவது சிரிக்கட்டும் என்று கேட்டேன். ரீச்சர், "நீங்கள் ஒரு கேள்வி கேப்பீங்களெண்டு நாலு மாசமாப் பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றா.

அப்படித்தான் படித்தோம். செபமாலை முடிய, ஒவ்வொரு நாளும். படம் இல்லை, பலகை இல்லை. வாயால் சொல்ல முடியாத கணக்கு தெரியாத கணக்கு என்று பிடிபட்டது. 2022 வைகாசியில், மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த நாட்களில், பரீட்சை எழுதினோம். எனக்குக் கணிதத்தில் கிடைத்தது சி தரம். ஏ இல்லை. "என்ன பேர் வைக்கப்போறியள் அக்கா?" என்று மாமா அம்மாவைக் கேட்டார். அம்மா சிரித்துச் சிரித்து அழுதா. யூடிற்றாவும் சித்தி.

டெல்சியா சித்தியடையவில்லை. தன் முறை வரும்போதெல்லாம் அவள் ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். கொப்பியைப் பார்த்து வாசித்திருக்கிறாள். "விளங்குதா?" என்றால் "ஓம், விளங்குது". நான் செய்த அதே களவு. அதைப் பிடிக்க என்னை விட்டால் ஊரில் வேறு யார்? ஆனால் நான் கவனிக்கவில்லை. நான் தப்பிய சந்தோஷத்தில் இருந்தேன். இதை ஆண்டவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். இங்கேயும் சொல்லுகிறேன். நான் உயர்தரம் படித்த வருடங்களில் அவள் என் அம்மாவோடு வாடியில் மீன் வெட்டினாள்.

இதை வாசிக்கிற பிள்ளைகளே, திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று ரீச்சரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள். அதற்கும் பயமென்றால் முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள், அவர் சிரிக்க மாட்டார். பெற்றோரே, கொப்பியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பிள்ளையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

டெல்சியா இந்த வருடம் பரீட்சைக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். நான் ஒவ்வொரு பின்னேரமும் அவளைக் கூப்பிடுகிறேன். கிழமைக்கணக்காக ஒரே பதில்தான்: "ஓம், விளங்குது." அவளுக்காக அம்மாவும் நானும் செபித்தோம். போன வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல ஒரு கணக்கை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். பிறகு, "எடி, எனக்கு முதல் வரியே விளங்கேல்லயடி" என்று சொல்லி விம்மி அழுதாள்.

ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினோம்.