தள்ளிப் படுத்தால் ஆயுள் கூடுமா?

திங்கட்கிழமை காலை. வாஷிங் மெஷினில் போடுவதற்கு முன் கணவரின் ஜீன்ஸ் பாக்கெட்டைத் துழாவினேன். வழக்கமாகச் சில்லறை வரும், கசங்கிய ரசீது வரும். அன்று வந்தது மாத்திரை. ஒன்று, இரண்டு… மொத்தம் பதினொன்று.

தினமும் அவர் கடைக்குக் கிளம்பும்போது ஒரு டம்ளர் தண்ணீரோடு அவர் உள்ளங்கையில் நானே வைக்கும் பிரஷர் மாத்திரை. வாய்வரை கையைக் கொண்டுபோய், தண்ணீரையும் குடித்துவிட்டு, மாத்திரையைப் பாக்கெட்டில் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது. மருந்தைத் துப்பினால் அது மாட்டிக்கொள்ளும். இவர் மாட்டவில்லை.

என் கணவரை உங்களுக்குத் தெரியும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், நான் எழுதும் இந்தப் பக்கத்தில் அடிக்கடி வருபவர். இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அவரிடமே கேட்டேன். "எழுது. நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்… கோபம் ஆறுவதற்குள்.

"ஏங்க, இது என்னங்க?"

பார்த்தார். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, "இனிமே அது தேவையில்ல. எனக்குத் தானா கொறஞ்சுடுச்சு" என்றார்.

"எப்படிக் கொறஞ்சுது?"

"மாலை போட்டதுல."

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுபவர் அவர். நாற்பத்தெட்டு நாள் விரதம். செருப்பு கிடையாது, சிகரெட் கிடையாது. வெளிச் சாப்பாடு, கறி, மீன் கிடையாது. விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல். ஒன்பது மணிக்கெல்லாம் தூக்கம், அதுவும் ஹாலில், தனியாக, பாயில். இருமுடி கட்டுவதற்கு முதல்நாள் மருந்துக் கடையில் பிரஷர் பார்த்திருக்கிறார். நூற்று இருபத்தாறு. அவ்வளவு குறைவாக அவருக்கு வந்ததே இல்லை.

"மாலை கழட்டி மூணு மாசம் ஆச்சேங்க?"

"ஆனா ஒண்ண மட்டும் நான் விடலயே."

"எத?"

ஹால் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த மாத்திரைகளை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரியில் மாலை கழற்றிய பிறகும் அவர் ஹாலில்தான் படுக்கிறார். கேட்டதற்கு, "பாப்பா குறுக்கால படுக்கறா, எடம் பத்தல" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் சந்தேகம் அவர்மேல் போகவில்லை, என்மேல்தான் போனது. சிசேரியன் தழும்பு பிடிக்கவில்லையோ? பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடையா? எப்போதும் பால் வாசனையும் வேர்வையுமாக இருக்கிறேனோ? ராத்திரி சோற்றை நிறுத்தினேன். புதிதாக நாலு நைட்டி வாங்கினேன். சிரிக்காதீர்கள்… சோப்பைக்கூட மாற்றினேன். மூன்று மாதம் கண்ணாடி முன் நின்று என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவரோ ஆயுளைச் சேமித்துக்கொண்டிருந்தார்.

செங்கம் ரோட்டில் மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆயுள் வகுப்பு நடத்தும் ஒருவரின் வீடியோவைக் காட்டினார். இத்தனை துளி ரத்தம் சேர்ந்தால்தான் அந்த ஒரு துளியாம். அதைக் காத்தவன் நூறு வயதாம். அந்தக் கணக்கு உண்மையென்றால், கல்யாணமான முதல் வருஷத்திலேயே ஊரில் ஓர் ஆண் மிஞ்சியிருக்க மாட்டாரே? இதை அவரிடமும் கேட்டேன். "உனக்கு எல்லாமே கிண்டல்" என்றார்.

கிண்டல் இல்லை. கொதிப்பு. மாலை கழற்றிய மறுநாளே டீக்கடை பஜ்ஜி வந்துவிட்டது. சிகரெட் வந்துவிட்டது. பிரியாணி வந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் போய் ஹீட்டர் வந்தது. செருப்பும் வந்தது. விரதத்தின் அத்தனை விதிகளையும் மாலையோடு கழற்றிப் போட்டவர், ஒன்றே ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார் — என்னிடம் வராமல் இருப்பதை. ஏன்? விட்டுக்கொடுக்க அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது நான்தானா?

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து என் மாமியார் வந்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதுதான் இன்னும் எரிந்தது.

"இன்னாத்துக்கும்மா காலங்காத்தால இந்தப் பேச்சு? ஆம்பள அடக்கமா இருந்தா ஆயுசு கெட்டி. நீதான் கொஞ்சம் பொறுத்துப் போயேன்."

"பொறுத்துத்தான் போறேன் அத்தை. மாத்திரைய ஏன் நிறுத்தினாருன்னு கேக்கறேன்."

"அவங்கப்பா மாத்திரை போட்டுனேதான் போனாரு" என்றார் அத்தை. குரல் இறங்கிவிட்டது.

மாமனார் இறந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. கடையில் உட்கார்ந்தபடியே சரிந்தவர். என் கணவருக்கு இப்போது முப்பத்தெட்டு. அவருடைய பயம் பொய் இல்லை. அது தெரிந்ததால் நான் கத்தியது தப்போ என்று அன்று முழுக்கக் குழம்பினேன். பிறகு மேஜையில் கிடந்த பதினொன்றைப் பார்த்தேன். குழப்பம் தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு, அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தார் அந்த டாக்டரம்மா. நூற்று எழுபத்தெட்டு. மறுபடி பார்த்தார். அதேதான். கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சார், தள்ளிப் படுத்தா ஆயுசு கூடும்னு எனக்குத் தெரிஞ்சு யாரும் நிரூபிக்கல. கொறையும்னும் நிரூபிக்கல. உங்க ரெண்டு பேருக்கும் இஷ்டம்னா இருங்க, அது உங்க பாடு. ஆனா இந்த நம்பர வச்சிக்கினு மாத்திரை இல்லாம இருந்தா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப மாலை போட்டப்ப எப்படி மேடம் கம்மியாச்சு?"

"மாலைல இருக்கும்போது மாத்திரை போட்டீங்களா?"

"அப்ப போட்டேன்."

"சிகரெட்?"

"சாமி மாலை போட்டுக்கினு எப்படி மேடம்…"

"இப்போ?"

அதற்குப் பதில் நான் சொன்னேன். "ஒரு நாளைக்கு ஆறு டாக்டர். எனக்குத் தெரிஞ்சு."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்ப விரதம் எதுல ஒடைஞ்சிருக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க."

எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார், அடி அண்ணாமலையில். ஏழு பிள்ளைகள். எண்பத்தொன்பது வயதில் இன்னும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறார். இந்த மலையைச் சுற்றிக் காவி கட்டியவர்களில் தொண்ணூறு கண்டவர்களும் உண்டு, ஐம்பதில் போனவர்களும் உண்டு. ஒரு பெரியப்பாவை வைத்து விதி எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். அதேபோல, ஒரு வீடியோவை வைத்து ஒருத்தியின் மூன்று மாதத்தை எழுதிவிடவும் கூடாது.

துறவு தப்பு என்று நான் சொல்லவில்லை. மனம் ஒப்பிச் செய்பவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் கணவரின் ஆயுள் ஏன் எப்போதும் மனைவியின் உடம்பிலேயே வந்து நிற்கிறது? ஆடிப்பெருக்கில் தாலிக்கயிறு மாற்றினால் அவர் ஆயுளுக்கு. வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் அவர் ஆயுளுக்கு. பக்கத்தில் படுக்காமல் இருந்தால், அதுவும் அவர் ஆயுளுக்கு. சிகரெட் மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை.

மருந்து வாங்க அவர் கீழே இறங்கிப் போனார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது டாக்டர் கேட்டார். "நீங்க கடைசியா எப்பம்மா பிரஷர் பாத்தீங்க?"

யோசித்தேன். பிரசவ வார்டில். இரண்டு வருஷம்.

"ஒக்காருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் மாத்திரையை என் கண் முன்னால் போட்டு, வாயைத் திறந்து காட்டினார். கொஞ்சம் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "பாப்பா பெரியவளாகறத நான் பாக்கணும் ரேவதி. அதுக்குத்தான்…" என்றார்.

"அதுக்கு என்கிட்ட சொல்லிட்டு செய்யுங்க" என்றேன். அந்தப் பாய் ஹாலிலேயே இருக்குமா, உள்ளே வருமா என்று இரண்டு பேரும் பேசித்தான் முடிவு செய்வோம். அது அவர் ஒருவருடைய ஆயுள் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். "அவனுக்கு எவ்ளோ ஜாஸ்தியாம்?"

சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இனிமே நீயே வாயில போட்டு உடும்மா. ஒன்ன நம்பித்தான் அவன் ஆயுசு."

என்னுடையது நூற்று நாற்பத்தாறு. வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை… உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.