சீட்டுக்குக் கீழே எரிந்த லைட்

அண்ணன் இறந்து மூன்று மாதம் கழித்து, அவருடைய சைக்கிளுக்கு லைட் வாங்க நுவரெலியா டவுனுக்குப் போனேன். நானுஓயாவில் அவர் வேலை செய்த பேக்கரியின் மொதலாளி அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். மாவு பிசைய விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பஸ் கிடையாது. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் அண்ணன் பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். மலையில் சைக்கிளா என்று அப்போது தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயமே சிரித்தது. இப்போது அதே சைக்கிள், அதே ரோடு, அதே வேலை எனக்கு. பயமாக இல்லையா என்று கேட்டவர்களிடம் இல்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான். அந்த மாதங்களில் எனக்குள் எதுவும் அசையவில்லை.

மழை பெய்த ஒரு விடியற்காலையில், பின்னால் வந்த மரக்கறி லொறி அண்ணனை இடித்தது. டிரைவர் ஓடிப்போகவில்லை. அவரே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பொலிஸில் அவர் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "லயிட் எகக் தெக்கே நே." லைட் எதையும் பார்க்கவில்லை என்று. சைக்கிளைக் காட்டியபோது முன் லைட் நொறுங்கிப்போயிருந்தது. நான் குனிந்து, சீட்டுக்குக் கீழே இருந்த சிவப்பு லைட்டின் பட்டனை அமுக்கினேன். அது பளிச்சென்று எரிந்தது.

"எரியுதா இல்லையா, நீங்களே பாருங்க சேர்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லித் தப்பப் பார்க்கிறான் என்று லயத்தில் எல்லோரும் டிரைவரைத் திட்டினார்கள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டும்போது கோபம் வந்ததா என்றால், அதுவும் வரவில்லை. எல்லோரும் செய்வதைச் செய்தேன், அவ்வளவுதான்.

வழக்குக்கு இரண்டு தவணை போய்வந்தேன். டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். லைட் எரிந்தது என்று நான் சொன்னதுதான் பெரிய சாட்சி, அது நின்றால் ஆள் உள்ளே போவது நிச்சயம் என்று பொலிஸ்காரர் ஒருவர் சொன்னார். சரி என்றேன்.

டவுன் கடையில் இருப்பதிலேயே பெரிய வெளிச்சம் கொடுக்கும் லைட்டைக் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் காட்டிவிட்டு, கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்.

"எந்த ரோட்டுல ஓடுறீங்க தம்பி?"

"நானுஓயாவுக்கு. விடியக் காத்தால."

"அப்ப இது வேணாம். பனிக்குள்ள அடிச்சீங்கன்னா வெள்ளச் செவுரு மாதிரி முன்னுக்கு நிக்கும். ஒங்க கண்ணுதான் கூசும். இந்த மஞ்ச வெளிச்சத்தக் கொண்டு போங்க. ஹேண்டிலுக்குக் கீழ கட்டி, ரோட்டப் பாத்து வைங்க."

சரி என்றேன். பின்னுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். சிவப்பு லைட் இருக்கிறது, நன்றாக எரிகிறது என்றேன்.

"எங்க மாட்டியிருக்கீங்க?"

"சீட்டுக்குக் கீழ."

"மழைக்குக் கோட்டு போடுவீங்கதானே? அது நீளமா?"

காசைக் கொடுத்து மஞ்சள் லைட்டை எடுத்துக்கொண்டேன். மீதிக் காசை வாங்க மறந்து வெளியே வந்தேன். அவர்தான் பின்னால் கூப்பிட்டுக் கொடுத்தார்.

அண்ணன் அன்றைக்குப் போட்டிருந்த மழைக் கோட்டை அண்ணி துவைத்து, எங்கள் காம்பரா அறையில் ஆணியில் மாட்டிவைத்திருந்தார். சைக்கிளுக்குப் பின் மட்கார்ட் இல்லை. மழை நாளில் அண்ணனின் முதுகெல்லாம் சேறு. கொழுந்து பறிக்கும்போது ஈரச் செடி உடம்பில் படாமல் இடுப்பில் சுற்றிக்கட்டுவார்களே, படங்கு, அதில் பழையது ஒன்றை வெட்டி அண்ணி கோட்டின் பின்பக்கம் சேர்த்துத் தைத்திருந்தார். இரண்டு சாண் கூடிற்று. இனிமேல் ஒரு சொட்டு சேறு படாது என்று அண்ணன் லயம் முழுக்கத் திரும்பி நின்று காட்டினார்.

பொழுது சாய்ந்ததும் மஞ்சள் லைட்டை ஹேண்டிலுக்குக் கீழே கட்டி, சைக்கிளை வாசல் சுவரில் சாத்தினேன். சிவப்பு லைட்டைப் போட்டேன். கோட்டைச் சீட்டின்மேல் ஆள் உட்கார்ந்த மாதிரி போர்த்தி, பின்பக்கத்தைத் தொங்கவிட்டேன். தண்ணீர் பிடிக்கும் பீலி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். சிவப்பு இல்லை. கிட்டே வந்து படங்குத் துண்டைத் தூக்கினேன். லைட் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

டிரைவர் பொய் சொல்லவில்லை.

இதை அண்ணிக்குச் சொல்லக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். கோட்டு கிழிந்துவிட்டது என்று சொல்லி வேறு வாங்கிக்கொள்ளலாம். நிமிர்ந்தபோது அண்ணி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. குடத்தை இறக்கி வைத்தார். படங்குத் துண்டைக் கீழே விட்டார். மறுபடி தூக்கினார். மறுபடி விட்டார்.

"நான்தானே தச்சேன்" என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி? யாருக்குத் தெரியும்?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

அண்ணி அழவில்லை. உள்ளே போய் பிளேடை எடுத்துவந்து, படியில் உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நெருக்கமான தையல். நேரம் பிடித்தது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த டிரைவரு அடுத்த தவணைக்கும் வருவாரா?"

"வருவாரு."

"அவரு சொன்னது மெய்யின்னு சொல்லணும் தம்பி. நானே வந்து சொல்றேன்."

"பட்டன அமுக்கிக் காட்டுனவன் நான். நான் சொல்றேன் அண்ணி. நீங்க வர வேணாம்."

"வர்றேன். தச்சது நானு."

சாட்சியை மாற்றினால் லயத்தில் என்ன பேசுவார்கள், பொலிஸில் எப்படித் திட்டுவார்கள் என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. வந்துவிட்டுப் போனது.

பிரித்த துண்டை அண்ணி மடித்து வைத்தார். ஊசியில் நூல் கோத்து, கோட்டின் முதுகில் தோளுக்குச் சற்றுக் கீழே துணிப் பட்டி ஒன்றை வைத்துத் தைத்தார். சீட்டிலிருந்து லைட்டைக் கழற்றி அதில் மாட்டச் சொன்னார். கோட்டை என்மேல் போட்டுவிட்டு, ரோட்டு வளைவு வரைக்கும் போகச் சொன்னார்.

சைக்கிளில் ஏறி மெதுவாக மிதித்தேன். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மஞ்சள் வெளிச்சம் முன்சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சத் தூரத்தைக் காட்டியது.

"தெரியுது தம்பி" என்று அண்ணியின் குரல் வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. வளைவு வரைக்கும் அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். தெரியுது. இன்னும் தெரியுது. தெரியுது.