அசரியா சார் வெயிலை வென்ற விதம்

இரண்டாம் சனிக்கிழமை பொழுது விடியும்போது அசரியா சார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கம்பளிக் காலுறையை முழங்கால்வரை இழுத்து ஏற்றிக்கொண்டிருப்பார். மே மாதமானாலும் கம்பளிதான். அதன்மேல் பட்டாளத்து பூட்ஸ். காக்கிச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, கழுத்தைச் சுற்றிப் பவுடர் கொட்டிக்கொள்வார். வெயில் தாக்காமலிருக்கச் சட்டைப்பையில் ஒரு பிடி சின்ன வெங்காயம். அவர் நடைப்பயணம் கிளம்பிவிட்டார் என்பதைக் கிழக்குத் தாம்பரத்தில் அவர் குடியிருந்த தெரு மூக்காலேயே தெரிந்துகொள்ளும்.

யுத்த காலத்தில் அவர் ராணுவப் பண்டகசாலையில் குமாஸ்தா. யுத்தத்தில் அவர் பார்த்ததெல்லாம் அடுக்கடுக்காகப் பூட்ஸும் காலுறையும்தான். ஆனால் அந்த பூட்ஸ்களை மாட்டிக்கொண்டு பர்மாக் காட்டில் நடந்தவர்களின் அனுபவமெல்லாம் நாளடைவில் அவருடையதாகிவிட்டது. "ஜங்கிள் மார்ச்சுன்னா என்னன்னு எங்கிட்ட கேளுங்க" என்பார். யாரும் கேட்டதில்லை. அதற்காக அவர் சொல்லாமல் விட்டதுமில்லை.

இப்போது பாரிமுனையில் ஓர் ஆபீசில் தலைமை குமாஸ்தா. அவரோடு தவறாமல் மலையேற வருகிற சம்பந்தமும் ஸ்ரீரங்கனும் அதே ஆபீசில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். இயற்கை மீது இருவருக்கும் தனிப்பட்ட பிரியம் எதுவும் இல்லை. லீவு விண்ணப்பங்கள் அவர் மேஜை வழியாகத்தான் மேலே போகவேண்டும்.

வழியில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். "தண்ணி உள்ள போனாத்தானே வேர்வையா வெளிய வரும்? வரவையே நிறுத்திட்டா செலவு எங்கேருந்து வரும்?" சட்டைப் பொத்தானைத் தளர்த்தக்கூடாது, காற்றோடு அனலும் நுழையும். நிழலில் உட்காரக்கூடாது. "உக்காந்தா, நாம தோத்துட்டோம்னு உடம்பு முடிவு பண்ணிரும்." பித்தளைக் கூஜாவில் நீர் எடுத்துப் போவது மட்டும் உண்டு. அந்தக் கூஜா நிரம்பியபடியே வீடு திரும்பினால் அவருக்கு அது பதக்கம் வாங்கியது மாதிரி.

போன மாதம் அப்படித் திரும்பியவர், சாப்பிடாமல் கட்டிலில் விழுந்து மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் மணி அடித்தும் எழவில்லை. அதனால் இந்த முறை அவர் மனைவி யூனிஸும் கிளம்பிவிட்டார். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கோடை விடுமுறையில் இருந்தார். "நீங்க சொன்னா கேக்க மாட்டீங்க. நான் பின்னாலயே வரேன்." மெல்லிய நூல் புடவை, ரப்பர் செருப்பு, குடை, தலையில் ஈரத்துண்டு, பையில் மோர் பாட்டில்கள். அசரியா சார் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கனிடம், "லேடீஸ் பிக்னிக்" என்றார்.

பெருங்களத்தூர் தாண்டி நெடுங்குன்றம் பக்கம் திரும்பும்போதே காற்று செத்துவிட்டது. முந்தின நாள் பெய்த தூறல் ஆவியாக எழும்பிக்கொண்டிருந்தது. பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. யூனிஸ் நிழல் கண்ட இடமெல்லாம் நின்று மோர் குடித்தார். சம்பந்தத்தின் செருப்பில் அடிக்கடி கல் புகுந்தது. ஸ்ரீரங்கனுக்குப் பனைமரங்களின் பின்புறத்தை ஆராயவேண்டிய அவசியம் ஏற்பட்டது. இருவரும் வாயைத் துடைத்துக்கொண்டே வரிசைக்குத் திரும்பினார்கள். முன்னால் போன தலைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுவும் ஒரு சட்டம்.

குன்றில் பாதி ஏறியதும் அசரியா சார் நின்றார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"பாத்தீங்களா! வேர்வை சுத்தமா நின்னுபோச்சு! இதான் ட்ரெயினிங்!"

சம்பந்தம் கைதட்டினார். யூனிஸ் கைதட்டவில்லை. கிட்டே போய்க் கணவரின் பிடரியில் கை வைத்தார். தோசைக்கல்லாகச் சுட்டது, துளி ஈரமில்லை.

"என்னங்க, உக்காருங்க."

அசரியா சார் மனைவியை முன்பின் தெரியாதவர்போல் பார்த்தார். "லைன்ல வாம்மா. ஏழாம் நம்பர் பூட்ஸ் தீந்துபோச்சு. கையெழுத்து போட்டுட்டு எட்டு வாங்கிக்க. நெக்ஸ்ட்!"

சொல்லிவிட்டு முழங்கால் மடங்கிச் சரிந்தார்.

ஸ்ரீரங்கன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். யூனிஸ் கழுத்துப் பொத்தானைப் பிய்த்தே எறிந்தார். கூஜாத் தண்ணீர் முழுவதையும் கணவரின் தலையிலும் மார்பிலும் கொட்டினார். "பூட்ஸைக் கழட்டுங்க! என்ன பாத்துட்டே நிக்கிறீங்க? கீழ பம்ப்செட் ஓடுது, தூக்குங்க!" ஆபீஸ் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இருவரும் தலைமை குமாஸ்தாவின் உத்தரவுக்குக் காத்திராமல் ஒரு காரியம் செய்தார்கள்.

வயலில் புல் அறுத்துக்கொண்டிருந்த கனகவல்லி, அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து கால்பக்கம் ஒரு கை கொடுத்தாள். பாதி கழன்று தொங்கிய காலுறையைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னாம்மா இது! ஊரே வெந்துகினு கீது, இவரு கம்பளி மாட்டிகினு வந்துகீறாரு! குளிர் ஜொரமா?"

"இல்லம்மா. கொள்கை" என்றார் யூனிஸ்.

பம்ப்செட் தொட்டியில் கழுத்தளவு நீரில் அவரை உட்கார வைத்தார்கள். வெங்காயங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வெளியே வந்தன. யூனிஸ் தொட்டிக்கு வெளியே மண்டியிட்டு, அவர் தலை சாயாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். கணவரைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் தடவை. வெகுநேரம் கழித்து அசரியா சாரின் கண் ஒரு நிலைக்கு வந்தது.

"யூனிஸ்... எங்க இருக்கேன்?"

"தண்ணிக்குள்ள."

மோரை வாயருகே கொண்டுபோனதும் மறுக்காமல் குடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார். தெம்பு வந்ததும் பேச்சும் வந்தது. "இது ஹீட் இல்ல, ஹியூமிடிட்டி. ரெண்டுக்கும் டெக்னிக் வேற. நான் என்ன சொல்றேன்னா..."

"அப்புறம் சொல்லுங்க. எனக்குக் கை நடுங்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. டெக்னிக் அந்த இடத்தோடு நின்றது.

ஸ்ரீரங்கன் தொண்டையைச் செருமி, மரியாதையாகக் கேட்டார்: "சார், உச்சிக்கு... இன்னிக்கே போறோமா?"

அசரியா சார் குழாய்க்கு நேராக இருந்த நல்ல இடத்தை விட்டு ஓரமாக நகர்ந்தார். வெயிலில் காய்ந்து கிடந்த தொட்டியின் சிமெண்டுச் சுவர்மீது இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிச் சூடு தணித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, யூனிஸை ஏறிட்டுப் பார்த்து, "உக்காரு" என்றார்.