துறைமுக வாசலில் இரண்டு மகள்கள்

நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, இத்தாலியனில் சிஞ்ஞோரா, ஜெர்மன்காரி. பலேர்மோ ஆள் ஒருவரைக் கட்டி இங்கே வந்து இத்தாலியப் பிரஜையானவர்; இப்போது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு மாடியை விட்டு இறங்கியதே இல்லை. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது.

அவருடைய தகப்பன் உலகப் போரில் பிடிபட்டு அமெரிக்காவுக்குக் கைதியாகப் போனவர். அங்கே ஒரு கச்சான் கடலைத் தோட்டத்தில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். தோட்ட முதலாளிக்கு அவரைப் பிடித்துப்போனது. போர் முடிந்து அவர் ஊர் திரும்பியபின், பசியோடு கிடந்த அந்த வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து சப்பாத்தும் மாவும் கோப்பியும் வந்தன. தகப்பன்மார் இறந்தபிறகு இருவரின் மகள்களும் டிசம்பர் தோறும் நத்தார் வாழ்த்து அட்டைகளில் உறவைத் தொடர்ந்தார்கள். நேரில் கண்டதில்லை.

போன வசந்தத்தில் தோட்ட முதலாளியின் மகள் ஃபோன் எடுத்தார். உல்லாசக் கப்பலில் வருகிறாராம். பலேர்மோவில் ஒரு பகல் நிற்குமாம். ஆனால் முழங்கால் ஏலாது, மாடி ஏற முடியாது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு நான் சிஞ்ஞோராவுக்கு இத்தாலியனில் சொன்னேன்.

“அப்ப நான் இறங்கிறன்” என்றார் சிஞ்ஞோரா.

காலைக் கோப்பி முடிந்ததும் பழகத் தொடங்கினோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் திட்டித் திட்டி இறங்குவார்.

“விழுந்தால் என்ன செய்யிறது, சிஞ்ஞோரா?”

“தூக்கு. அதுக்குத்தானே இருக்கிறாய்!”

ஒருநாள் பாதிப் படியில் நின்று வியர்வையைத் துடைத்தார். “சின்னனில எனக்கு அவளில சரியான கோபம். என்ர அப்பாவை அவள்தானே வச்சிருந்தவள். அவர் திரும்பி வரேக்கை எனக்கு அவரை ஆரெண்டே தெரியேல்லை.”

கப்பல் வந்த காலை, கட்டட வாசல் வரை இறங்கிவிட்டார். கீழே மீன் விற்பவர் கைதட்டினார். நான் ஃபோனில் என் கணவரைக் கூப்பிட்டு, “இஞ்சேருங்கோ, சிஞ்ஞோரா இறங்கிட்டா!” என்று கத்தினேன்.

டாக்ஸி போய் நின்ற துறைமுக வாசலில் தடியூன்றி ஒரு வெள்ளைத்தலைக்காரி நின்றார். அவருக்கு ஆங்கிலம் மட்டும். சிஞ்ஞோராவுக்கு ஆங்கிலமே வராது. நடுவில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு நான். அமெரிக்கக்காரி சிஞ்ஞோராவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நான் சிஞ்ஞோராவிடம் திரும்பினேன்.

“உங்கட அப்பா இவவைத் தோளில தூக்கிக்கொண்டு திரிவாராம். கூப்பிடுறது உங்கட பேரைச் சொல்லியாம். இவவின்ர அம்மா எத்தினை தரம் திருத்தியும் உங்கட பேர்தான் வாயில வருமாம்.”

சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து, “இன்னொருக்கால் சொல்லு” என்றார்.

சொன்னேன். அவர் சிரித்தார், கண்ணீர் வழிய, வாசல் காவலர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

மதியம் கடற்கரையில் கடலைமாப் பொரியல் வைத்த பாண் சாப்பிட்டோம். அதற்குள் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. ஆளுக்கொரு மொழியில் கதைத்தார்கள், ஒன்றாகச் சிரித்தார்கள்.

அடுத்த நாள் சிஞ்ஞோரா என்னைக் குவெஸ்தூராவுக்கு இழுத்துப் போனார். விசாப் புதுப்பிக்க நான் போய்வரும் அந்தப் பொலிஸ் அலுவலகத்தில் இம்முறை பாஸ்போர்ட் வரிசையில் நின்றோம். அதிகாரி அவர் பிறந்த ஆண்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எங்கை போறியள், சிஞ்ஞோரா?”

“அமெரிக்காவுக்கு!” என்றார், வரிசை முழுக்கக் கேட்க. “இவளும் வாறாள்.”