செலினா அக்கா நட்ட பத்துமணிப் பூக்கள்

தெஹியோவிட்டயில் ஞாயிறு பூசை முடிந்து பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். செலினா அக்காவின் மகன் போனில் அழைத்தான். “சித்தி, அம்மா போயிட்டாங்க” என்றான். பஸ் வந்தது. ஏறாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். பால்வெட்டப் போகும் தாய்மார் விடியற்காலையில் விட்டுப்போகும் குழந்தைகளை அவர்தான் கைநீட்டி வாங்குவார். இதை வாசிக்கும் உங்களில் பலர் அவர் மடியில் தூங்கியவர்கள். அழுகிற குழந்தையை நான் அதட்டினால், “அழட்டும் விடு. அம்மாவத் தேடுது, அது தப்பா?” என்பார்.

வாசலில் உடைந்த பேசின்களில் பத்துமணிப் பூ வளர்த்தார். தரையோடு படரும் செடி. தடித்த சிறு இலைகள். வெயில் ஏறினால்தான் பூ விரியும். ஒரு துண்டைக் கிள்ளி ஊன்றினால் போதும், பிடித்துக்கொள்ளும். அப்படிக் கிள்ளிய துண்டுகளைத் தோட்டத்து மயானத்துக்குக் கொண்டுபோவார். அங்கே கல்லோ சிலுவையோ இல்லாத சின்னக் குழிகள் பல. கைக்குழந்தையாகவே காய்ச்சலில் போன அவருடைய மூத்த மகள் ரோசலினும் அங்கேதான் இருந்தாள். யாருடைய பிள்ளை என்று பாராமல் எல்லாக் குழிகளின் மேலும் நட்டார்.

புதுப் பாதை போட மயானத்துக்கு மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நாங்கள் ஓடியபோது ஒரு மூலை ஏற்கெனவே மட்டமாகியிருந்தது. ரோசலின் இருந்த மூலை. அக்கா ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் முன்னால் போய் நின்று, அதை ஓட்டிய இளைஞனை “மல்லி” என்று கூப்பிட்டு, சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: “பூ இருக்கிற எடத்துல எல்லாம் எங்க புள்ளைங்க படுத்திருக்காங்க.”

அவன் எட்டிப் பார்த்தான். நல்ல வெயில். சிவப்பும் மஞ்சளுமாக, ஒவ்வொரு பாத்தியும் ஒரு குழந்தையின் நீளத்துக்கு விரிந்திருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினான். தோட்டத் துரை வந்து சத்தம் போட்டும் அவன் திரும்ப ஏறவில்லை. கடைசியில் பாதை மேல்பக்கமாகத் திரும்பிப் போனது.

அன்று மாலை, “அக்கா, ரோசலின்...” என்று ஆரம்பித்தேன்.

“எந்த எடம்னு இப்ப எனக்கே தெரியல” என்றார்.

மறுவாரமே மட்டமாகிப்போன அந்த மூலை முழுவதும் பூச்செடியை நடத் தொடங்கினார். “எங்கயாவது அவமேல இருக்கும்தானே” என்றார்.

அந்த மூலையிலேயே அவரை அடக்கம் செய்தோம். குழி வெட்டியவர்கள் யாரும் சொல்லாமலே மண்வெட்டியை மெதுவாகப் போட்டார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்: மல்லி. மகள் இருந்த மண்ணைப் புரட்டிப்போட்டவனை, அந்த நேரத்திலும், அவர் தம்பி என்றுதான் கூப்பிட்டார்.